ரெடிமேடை நம்பாதவர்

ரெடிமேடை நம்பாதவர் என்றொரு இனம் உண்டு. பார்க்க வெகுதூரம் போகவேண்டாம். மதுரை வில்லாபுரத்தில், மாவரைக்கும் கடைக்கு மேல்மாடியில், மூன்றே கணினிகளை வைத்துக்கொண்டு போட்டோ ஸ்டூடியோக்களுக்கு சாஃப்ட்வேர் எழுதித் தரும் ஓர் ஆபீஸில், அந்த இனம் முழு உருவத்தில் உட்கார்ந்திருக்கிறது. பெயர் கார்த்திகேஷ்.

வில்லாபுரத்திலிருந்து அடுத்த தெருவைப்போல இருக்கும் அவனியாபுரத்துக்குப் போகச் சொன்னால், சோழவந்தான் வழியாகப் போய், பாதியில் ரோடு சரியில்லை என்று இறங்கித் தானே ரோடு போட ஆரம்பிக்கிற ஆள் அவர். அம்மா ரங்கநாயகி சித்திரையில் ஃபேன் ரெகுலேட்டரை மாற்றச் சொன்னார், இப்போது ஐப்பசி, ஃபேன் பதினேழு துண்டாகப் பழைய பேப்பரில் கிடக்கிறது. "காத்து எப்படி வருதுன்னு புரிஞ்சாத்தானேம்மா மாட்ட முடியும்?" என்கிறார். அம்மா விசிறியால் விசிறிக்கொள்கிறார். விசிறி, பாவம், ரெடிமேடு.

இப்படிப்பட்டவரிடம்தான் ஒரு வியாழக்கிழமை, வாடிப்பட்டியில் ஸ்டூடியோ வைத்திருக்கும் அழகுமலை வந்து மாட்டினார்.

"மாப்ள, ஸ்கூல் புள்ளைக நானூத்திப் பன்னெண்டு பேருக்கு ஐடி கார்டு. கேமரா படம் அம்புட்டும் யானை சைஸு. திறந்தாலே ஒங்க சாஃப்ட்வேர் மயங்கி விழுந்துருது. படத்தைச் சின்னதாக்க ஒரு பட்டன் வச்சுக் குடு. திங்கக்கெழமை மத்தியானத்துக்குள்ள கார்டு போகலேன்னா அடுத்த வருசம் வேற ஸ்டூடியோன்னு ஹெச்.எம். சொல்லிட்டாக. அந்த ஒரு ஸ்கூல வச்சுத்தான்யா என் கடையே ஓடுது."

பக்கத்து மேசை சத்யப்ரியா தலையைத் திருப்பினாள். "அதுக்கு ரெடியாவே இருக்குண்ணே. ஒரு வரிதான். டீ குடிச்சுட்டு வாங்க, தாரேன்."

கார்த்திகேஷ் சிரித்தார். அந்தச் சிரிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கடைச் சாம்பார்ப்பொடியைப் பார்த்து மாமியார் சிரிக்கும் சிரிப்பு.

"ஒரு வரியா? அதுக்குள்ள என்ன நடக்குதுன்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாது. படம் சின்னதாகும்."

"அண்ணே, ரெடிமேடுன்னா ஸ்லோ. நான் நேரா சி லாங்வேஜுல எழுதி நம்ம சாஃப்ட்வேரோட கோத்து விடுறேன். பறக்கும். ஞாயித்துக்கெழமை சாயங்காலம் அனுப்புறேன்."

பறந்தது. வெள்ளிக்கிழமை, பட்டனை அமுக்கியதும் சாஃப்ட்வேரே பறந்துபோனது. தப்பு என்ன என்று ஒரு வார்த்தை சொல்லாமல் திரையைவிட்டு மறைந்தது. கார்த்திகேஷ் முகத்தில் ஆனந்தம். சனிக்கிழமை காலை படம் வந்தது, ஆனால் சரிந்து வந்தது. ஒவ்வொரு வரியின் முடிவிலும் கணினி விட்டுவைக்கும் காலியிடத்தை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. பேரானந்தம். சனி மாலை படம் நிமிர்ந்தது, தலைகீழாக. கணினி சில படங்களைக் கீழிருந்து மேலாக அடுக்குமாம். ஆபீஸில் குறுக்கும் நெடுக்கும் நடந்து, "பாத்தியா, இதெல்லாம் ரெடிமேடு ஒனக்குச் சொல்லித்தருமா?" என்று கேட்டார். சத்யப்ரியா முறுக்குத் தின்றுகொண்டிருந்தாள்.

ஞாயிறு மாலை எல்லாம் சரியானது. படம் நேராக, நிமிர்ந்து, மணிமணியாக நின்றது. அழகுமலைக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்.

திங்கள் காலை ஏழு மணிக்குப் போன் அடித்தது.

"மாப்ள, வேகம் பிரமாதம். ஆனா ஒரு புள்ள மூஞ்சியிலயும் ரத்த ஓட்டம் இல்லியே! அம்புட்டும் கிருஷ்ணராட்டம் நீலமா நிக்கிதுக! டீச்சருகளும் நீலம். வாட்ச்மேன் கருப்பும் நீலம்!"

ஆபீஸுக்கு ஓடிவந்து பார்த்தார் கார்த்திகேஷ். அவருடைய சி நிரல் நிறங்களைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று கொடுத்தது. அதை வாங்கிக்கொண்ட சாஃப்ட்வேரோ நீலம், பச்சை, சிவப்பு என்று எடுத்துக்கொண்டது. மூன்று நாளும் இது ஏன் கண்ணில் படவில்லை? அவர் சோதித்த ஒரே படம் தன்னுடைய ஆதார் கார்டின் ஜெராக்ஸ். கறுப்பு வெள்ளை. சிவப்பும் நீலமும் இடம் மாறினால் அதில் என்ன தெரியப்போகிறது?

"இது ரெண்டே நிமிஷம்," என்று நாற்காலியை இழுத்தார். "முதல்ல இந்த வரிசை எதுக்கு இப்படி வந்துச்சுன்னு மட்டும் பாத்துட்டு..."

"அண்ணே, எந்திரிங்க!" என்றாள் சத்யப்ரியா. அவருடைய எண்ணூறு வரிகளைத் தூக்கி ஓரம் வைத்தாள், தன்னுடைய ஒரு வரியைப் போட்டாள், அனுப்பினாள். பதினொன்றே முக்காலுக்கு அழகுமலையிடமிருந்து ஒரு படம் வந்தது: கழுத்தில் கார்டோடு பிள்ளைகள், மாநிறமாக, பல்லைக் காட்டிக்கொண்டு. கூடவே குரல்: "ஹெச்.எம். சிரிச்சுட்டாகய்யா! பொழைச்சேன்!"

கார்த்திகேஷ் வெட்கப்பட்டிருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? அவர் தன் எண்ணூறு வரியையும் அவளுடைய ஒரு வரியையும் தனித்தனியாக ஓடவிட்டு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ரெடிமேடு எழுபது வினாடி. அவருடையது அறுபத்தொன்பது.

"பாத்தியா சத்யா!" என்று எழுந்து நின்றே விட்டார். "ஆமா, கார்டு பிரிண்ட் ஆக எம்புட்டு நேரமாச்சு? அந்தப் பிரிண்டரை ஓட்டுற சாஃப்ட்வேரை நாமளே எழுதினா என்ன?"

சிரித்து முடித்தாயிற்றா? நல்லது. ஒன்று கேட்கிறேன், உண்மையைச் சொல்லுங்கள். அறுபத்தொன்பது என்று படித்ததும், 'அந்த ஒரு வினாடியை எங்கே மிச்சம் பிடித்திருப்பான்?' என்று உள்ளுக்குள் லேசாக ஒரு நமைச்சல் எடுத்ததா இல்லையா? எடுத்திருந்தால், போய்க் கண்ணாடியில் முகத்தைப் பாருங்கள். காதோரம் கொஞ்சம் நீலம் தெரியும்.