ஒற்றைக் குண்டின் கருணை

கருணையை நிறுத்து, அளந்து, தோட்டாவுக்குள் அடைத்த பெருமை மனிதகுல வரலாற்றில் ஜெர்மானிய வேட்டைக்காரர்களையே சாரும். அந்தக் கருணை ஈயத்தால் ஆனது. பெருவிரல் பருமன் இருக்கும். மானின் மேல் ஒரு கைப்பிடி சன்னங்களைச் சிதறவிட்டால் அது கொடுமை. சட்டம் மன்னிக்காது. அதே மானை, அதே துப்பாக்கியால், ஒரே ஒரு கனத்த குண்டு போட்டுக் கொன்றால் அது 'நெறி'. செத்த மானுக்கு இந்த வித்தியாசம் விளங்காமல் போகலாம். மான் பரீட்சை எழுதவில்லை.

புவனேந்திரன் எழுதியிருந்தார். எழுத்து, வாய்மொழி, சுடுதல் மூன்றிலும் தேறி, 2004ஆம் ஆண்டு கோடையில் 'யாக்ட்ஷைன்' என்னும் வேட்டை அனுமதியைப் பெற்றபோது, வெஸ்ட்ஃபாலியா மலைப்பக்கத்து அந்தச் சிறு நகரத்தில் அதைப் பெற்ற முதல் யாழ்ப்பாணத்தவர் அவர்தான். இரண்டாமவர் யாரும் வரிசையில் நிற்கவில்லை என்பது அவருடைய சாதனையைக் குறைத்துவிடாது.

அவர் திருகாணித் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். ஜெர்மன் பிரஜை. குப்பையை நிறம் நிறமாகப் பிரித்துப் போட்டார். ஞாயிற்றுக்கிழமை புல் வெட்டவில்லை. நாலு தெரு தள்ளிக்கூட வாகனம் வராவிட்டாலும் சிவப்பு விளக்குக்கு நின்றார். இவ்வளவு செய்தும் பக்கத்து வீட்டுக்காரர், "நீங்கள் உண்மையில் எங்கிருந்து வருகிறீர்கள்?" என்று கேட்பதை நிறுத்தவில்லை. பச்சைத் தொப்பி வைத்துத் துப்பாக்கியும் கையுமாக வாசலில் நின்றால் யாரும் அப்படிக் கேட்கமாட்டார்கள் என்று புவனேந்திரன் கணித்தார். கணிப்பு சரியாகவே இருந்தது.

அதோடு இதில் ஒரு பொதுநலமும் இருந்தது. பொதுநலத்தின் பெயர் செல்வராசா.

செல்வராசா முப்பது வயதுக்காரன். அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு, 'டுல்டுங்' என்னும் தயவில் இருந்தான். 'உன்னை இன்னும் அனுப்பவில்லை, பொறுத்துக்கொண்டிருக்கிறோம்' என்பதை ஜெர்மன் மொழியில் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பொறுமை மூன்று மாதத்துக்கு ஒருமுறை தீர்ந்துபோகும். அவனுக்கு வேலை செய்ய அனுமதியில்லை. ஆகவே ஊரிலுள்ள எல்லோருக்கும் சும்மா வேலை செய்துகொடுத்தான். மாவட்டத்தைத் தாண்டவும் அனுமதியில்லை. மாவட்டத்துக்கு வெளியே இருந்த ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேருக்குப் போவதற்கே கந்தோரில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், அனுமதி கேட்டான். அந்த அனுமதியும் தேர் இருப்புக்கு வந்த மறுநாள்தான் கிடைத்தது. இப்போது அவனுடைய நாட்டில் சமாதானம் நடப்பதால், இனிப் பொறுப்பது கஷ்டம் என்று கந்தோர் சொல்லியிருந்தது.

கந்தோரில் அதைச் சொன்னவர் ஹெர் ஒஸ்டர்ஹோஃப். வெளிநாட்டவர் பிரிவின் அதிகாரி. அவரேதான் ஊரின் வேட்டைக் காட்டுக்கும் தலைவர்.

"வேட்டைக்குப் பிறகு எல்லாரும் ஒண்டா இருந்து சாப்பிடுவினம். அங்கை ஒரு சொல்லுச் சொன்னால் காணும்," என்று புவனேந்திரன் வாக்குக் கொடுத்திருந்தார். "கந்தோரிலை ஆயிரம் தரம் சொல்லுறதும், காட்டிலை ஒருதரம் சொல்லுறதும் ஒண்டு."

அந்த ஒரு சொல்லைக் கேட்கத்தான் செல்வராசா வாராவாரம் புவனேந்திரன் வீட்டுக்கு வந்தான். வந்தபோதெல்லாம் குண்டைப் பற்றிய விளக்கம்தான் அவனுக்குக் கிடைத்தது.

ஒருநாள் புவனேந்திரன் பிட்டுக்குழலைத் தூக்கி அவன் கண்ணுக்கு நேரே பிடித்தார்.

"உள்ளுக்கை பாரும் தம்பி. வரி கிரி ஏதும் தெரியுதோ?"

"தேங்காய்ப்பூத் தெரியுது அண்ணை."

"வரி இல்லை! வழுவழு எண்டு கிடக்கு. இதுதான் என்ர துவக்கின்ர குழல். மற்ற ஆக்களின்ர ரைபிளுக்குள்ளை வரி இருக்கும். அது குண்டைச் சுழட்டி அனுப்பும். எனக்கு அந்த வசதி இல்லை. அப்ப என்ர குண்டு எப்பிடி நேராப் போகுது?"

"எப்பிடி?"

"முன்பக்கம் ஈயம், பாரம். பின்பக்கம் கம்பளிக் கட்டை, லேசு. பூப்பந்து மாதிரி. பாரம் முன்னுக்குப் போக, லேசு பின்னாலை இழுபடும்."

"எங்கட வாழ்க்கை மாதிரி," என்றான் செல்வராசா. "அண்ணை, ஒஸ்டர்ஹோஃபிட்டை அந்தச் சொல்லு..."

"பொறும். இன்னும் தூரக் கணக்குச் சொல்லேல்லை."

புவனேந்திரனின் மனைவி தேவமலர் வந்து பிட்டுக்குழலைப் பறித்துக்கொண்டு போனார். "துவக்குச் சத்தம் கேக்கக்கூடாதெண்டு கடல் தாண்டி வந்தனாங்கள். இப்ப இந்த மனுசன் படிச்சுப் பாஸ் பண்ணிச் சத்தம் போடப்போகுது. வெள்ளிக்கிழமையிலை மட்டும் சுட்டுப்போட்டு வீட்டுக்கை வராதேங்கோ!"

"வேட்டை சனிக்கிழமை," என்றார் புவனேந்திரன் கம்பீரமாக. தர்மத்தின் பக்கம் அவருக்கும் கவனம் இருந்தது.

துப்பாக்கி, காலமான ஒரு வேட்டைக்காரரின் மனைவி பரணைத் துப்புரவு செய்தபோது கொடுத்த பழைய இரட்டைக்குழல். சுடுதளத்தில் அதன் குணம் தெரிந்தது. வலது குழல் இடப்பக்கம் சுட்டது. இடது குழல் வலப்பக்கம் சுட்டது. கூட்டணி ஆட்சியைப் போல இரண்டும் சேர்ந்தே இருந்தன. ஒன்று பார்த்த திசையை மற்றது பார்க்கவில்லை. புவனேந்திரன் மனம் தளரவில்லை. 'வலது குழலென்றால் ஒரு சாண் வலப்பக்கம் குறி' என்று தமிழில் மந்திரம்போல் உருப்போட்டார். ஐம்பது மீற்றருக்கு மேல் சுடுவதில்லை என்று சத்தியமும் செய்தார். அதற்கு மேல் குண்டு எங்கே போகும் என்பது குண்டுக்கே தெரியாது.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை காலை வேட்டை கூடியது. கொம்பு ஊதினார்கள். ஒஸ்டர்ஹோஃப் பச்சை மேலங்கியில் நின்று விதிகளை வாசித்தார்: பெண்மான் சுடலாம், குட்டி சுடலாம், கலைமான், அதாவது ஆண்மான், கூடாது. மிருகங்களை வேட்டைக்காரர் பக்கம் விரட்டுவதற்காகக் காடு கலைக்கும் ஆட்களில் ஒருவனாகச் செல்வராசா வந்திருந்தான். வேலை அனுமதி இல்லாதவன் சம்பளமில்லாமல் கத்திக்கொண்டு புதருக்குள் நடப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. அவனுக்கு ஆரஞ்சு நிற மேற்சட்டையும் ஒரு தடியும் கொடுத்தார்கள். திங்கட்கிழமை அவனுடைய டுல்டுங் முடிகிறது.

"அண்ணை, இண்டைக்கு மறக்கமாட்டியள்தானே?"

"சாப்பாட்டு மேசையிலை முதல் சொல்லே உம்மடை பேர்தான்," என்றார் புவனேந்திரன்.

கலைப்பவர்கள் வரிசையாக நடந்தார்கள். "ஹொப், ஹொப்!" என்று மற்றவர்கள் கத்த, செல்வராசா "ஓய், ஓய்!" என்று ஊரில் மாடு கலைத்தமாதிரிக் கத்தினான். காடு நடுவே ஓர் ஓடை வந்தது. எல்லோரும் தாண்டினார்கள். செல்வராசா நின்றுவிட்டான். ஓடைக்கு அப்பால் அடுத்த மாவட்டம்.

"வா!" என்று அப்பாலிருந்து ஒருவர் ஜெர்மனில் கத்தினார்.

"ஏலாது! கந்தோர்! அனுமதி இல்லை!" என்று செல்வராசா தனக்குத் தெரிந்த ஜெர்மனில் கத்தினான். தடியால் ஓடையைக் காட்டி, பிறகு தன் கழுத்தை அறுப்பதுபோல் காட்டினான்.

வரிசையில் ஓட்டை விழுந்தது. அடுத்த மாவட்டத்துப் புதருக்குள் படுத்திருந்த மான் ஒன்று அந்த ஓட்டையைக் கண்டது. எந்தக் கந்தோரிலும் கேட்காமல் ஓடையைத் தாண்டி, செல்வராசாவைக் கடந்து, நேரே புவனேந்திரன் நின்ற மரத்தை நோக்கி வந்தது.

வந்து நின்றது. தலையில் கொம்பில்லை. மூச்சுப் புகைந்தது.

புவனேந்திரன் துப்பாக்கியைத் தூக்கினார். இவ்வளவு கிட்டத்தில், இவ்வளவு ஈரமான கண்களோடு ஒரு மான் நிற்கும் என்று பாடத்திட்டத்தில் இல்லை. கொம்பில்லாதது பெண், பெண் சுடலாம், வலது குழல் இடம் போகும், ஒரு சாண் வலம். ஆனால் யாருடைய வலம்? தன்னுடையதா, மானுடையதா? மந்திரம் குழம்பியது. குறி பார்த்த இடம் அவருக்கே தெரியாது. விரல் மட்டும் வேலை செய்தது.

குண்டு நெறிப்படி போய்ச் சேர்ந்தது. மான் விழுந்த இடத்திலேயே கிடந்தது. புவனேந்திரன் தொப்பியைக் கழற்றிவிட்டு மரத்தில் சாய்ந்தார். காதுக்குள் ஒரு இரைச்சல் கேட்டுக்கொண்டே இருந்தது. அது எந்த ஊர்ச் சத்தமென்று அவர் ஆராய விரும்பவில்லை.

மானைப் பச்சைக் கிளைகளின் மேல் கிடத்தினார்கள். ஒஸ்டர்ஹோஃப் குனிந்து பின்னங்காலைத் தூக்கிப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் கந்தோர் முகமாகியிருந்தது.

"இது கலைமான்," என்றார் ஜெர்மனில். "இந்த மாதம் கொம்பு விழுந்துவிடும். பரீட்சையில் கேட்டிருப்பார்களே. நீங்கள் ஏப்ரனைப் பார்க்கவில்லையா?"

ஏப்ரன் என்று வேட்டைக்காரர்கள் சொல்வது பெண்மானின் பின்புறத்தில் தொங்கும் ரோமக்கற்றையை. விவரம் தெரியாமல் செல்வராசா புவனேந்திரனின் காதருகே வந்தான்.

"என்னவாம் அண்ணை?"

"மான் ஏப்ரன் கட்டியிருந்ததோ எண்டு கேக்கினம்."

"ஏன், அது சமைச்சுக்கொண்டோ நிண்டது?"

விசாரணை அந்த வெளியிலேயே நடந்தது. வேட்டைக்காரர்கள் தொப்பியைக் கையில் பிடித்தபடி வட்டமாக நின்றார்கள். குண்டு நுழைந்த இடத்தைப் பார்த்த மிருக வைத்தியர், மிகத் தூய மரணம் என்று சான்று சொன்னார். ஓடையருகே ஏன் ஓட்டை விழுந்தது என்று கேள்வி வந்தது. செல்வராசா மாவட்ட எல்லையைத் தாண்டாமல் நின்றதைக் கேட்டதும் ஒஸ்டர்ஹோஃப் அவனைப் பார்த்துத் தலையசைத்தார். "மிகச் சரியான நடத்தை," என்றார். அன்றைய வேட்டையில் பாராட்டப்பட்டவன் அவன் ஒருவன்தான்.

பிறகு ஒஸ்டர்ஹோஃப் தீர்ப்பு வழங்கினார். புவனேந்திரனுக்கு அடுத்த வருடம் அழைப்பில்லை. அதைவிட நீளமாக இருந்தது அறிவுரை.

"கலைமானுக்கு இப்போது ஷோன்சைற். அதாவது விட்டுவைக்கும் காலம். ஒக்டோபர் நடுவிலிருந்து ஏப்ரல் முப்பது வரைக்கும் யாரும் அதைத் தொடக்கூடாது. குளிர் வருகிறது. தீனி கிடையாது. கொம்பும் விழுந்து, தன்னைக் காத்துக்கொள்ள வழியில்லாமல் நிற்கிற உயிர் அது. அப்படிப்பட்ட நேரத்தில் அதை இருக்கிற இடத்திலிருந்து கிளப்பி ஓடவைப்பது நாகரிகமல்ல. எங்கள் நாட்டில் அது குற்றம்."

அவருடைய குரல் இடறியது. சில வேட்டைக்காரர்கள் கண்ணைத் துடைத்தார்கள்.

"என்னவாம்?" என்றான் செல்வராசா.

புவனேந்திரன் இதுவரை அதிகாரிகளுக்கும் அவனுக்கும் இடையில் மொழிபெயர்க்கும்போது கசப்பானதையெல்லாம் விழுங்கிவிட்டு மிச்சத்தைத்தான் கொடுப்பார். இந்தமுறை ஒரு சொல்லும் விடாமல் சொன்னார்.

செல்வராசா தடியைக் கீழே வைத்தான். மானைப் பார்த்தான். "அண்ணை, அந்த ஷோன்சைற்றுக்கு எங்கை விண்ணப்பம் போடவேணும் எண்டு ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்கோ."

"தம்பி..."

"நக்கலில்லை அண்ணை. மெய்யாத்தான் கேக்கிறன். கேளுங்கோ."

மாதக்கணக்காக வாக்குக் கொடுத்த அந்த ஒரு சொல், இதோ, சாப்பாட்டு மேசைக்கு முன்பே வந்து நின்றது. இதைச் சொன்னால் அடுத்த வருட அழைப்பு மட்டுமல்ல, எந்த வருட அழைப்பும் இராது. புவனேந்திரன் பச்சைத் தொப்பியை ஒருமுறை பார்த்தார். பிறகு அந்தக் கேள்வியை, மரியாதைப் பன்மையோடு, பிழையில்லாத ஜெர்மனில் கேட்டார்.

வட்டத்தில் ஒருவர் இருமினார். ஒஸ்டர்ஹோஃப் குனிந்து தன் சப்பாத்தில் ஒட்டிய மண்ணைத் தட்டினார்.

"காட்டில் கந்தோர்ப் பேச்சு இல்லை," என்றார். "திங்கட்கிழமை அவர் வரட்டும்."

அன்று இருவரும் சாப்பாட்டுக்கு நிற்கவில்லை.

திங்கட்கிழமை காலை புவனேந்திரன் வேலைக்கு லீவு போட்டுவிட்டுச் செல்வராசாவோடு கந்தோருக்குப் போனார். செல்வராசா கையில் ஒரு சிறு பை வைத்திருந்தான். மாற்றுடுப்பு இருந்தது. அங்கிருந்தே விமான நிலையத்துக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற யோசனை.

ஒஸ்டர்ஹோஃப் கழுத்துப்பட்டி கட்டி உட்கார்ந்திருந்தார். இரவு சரியாகத் தூங்காதவர் போலிருந்தார். நேர்மையான அதிகாரி, மனச்சாட்சிக்கும் நேரம் ஒதுக்கக்கூடியவர்.

"யோசித்தேன்," என்றார். "நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. ஒருவருக்கு இருக்கும் பாதுகாப்பு இன்னொருவருக்கும் இருக்கத்தான் வேண்டும். வழக்கமான மூன்று மாதம் இல்லை. ஏப்ரல் முப்பது வரைக்கும் தருகிறேன். அதுவரை உங்களை யாரும் தொடமாட்டார்கள்."

முத்திரை விழுந்தது. கைகுலுக்கினார்கள்.

கந்தோர்ப் படிகளில் இறங்கும்போது செல்வராசா துள்ளினான். "பாத்தியளே அண்ணை! ஐஞ்சு மாசம்! மானோடை மானா என்னையும் சேத்துப்போட்டார். தங்கமான மனுசன்!"

புவனேந்திரன் அந்தத் தாளை வாங்கி முடிவுத் திகதியைப் பார்த்தார்.

"ஏன் அண்ணை முகம் ஒரு மாதிரி? மே முதலாந் திகதி என்ன? தொழிலாளர் தினம்தானே?"

"ஓம் தம்பி," என்றார் புவனேந்திரன். "அண்டைக்குக் கந்தோர் பூட்டு. ரெண்டாந் திகதிதான் சுடத் தொடங்குவினம்."