அந்தப் பதினான்காவது கேள்வி

இனிமேல் என் மனைவியிடம் எதையும் மறைப்பதில்லை என்று முடிவெடுத்திருக்கிறேன். வேறு வழியும் இல்லை.

அச்சகத்தில் பேப்பர் வெட்டும் மெஷின் என் வலது கையைப் பதம் பார்த்து எட்டு மாதம் ஆகிறது. மூன்று விரல் போச்சு. முதலாளி தங்கமான மனுஷன். இன்சூரன்ஸிலிருந்து மாதாமாதம் ஒரு தொகை வர ஏற்பாடு செய்தார். நானோ, "அச்சகம் கையை விரிச்சிடுச்சு" என்று வீட்டில் சொல்லிவிட்டேன். டீக்கடையில் வள்ளலாக வாழ்ந்தேன். அவள் தையல் மெஷினைக் கூடுதலாக மிதித்து இடுப்பு வலி வாங்கிக்கொண்டாள். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் சொல்ல தைரியம் வரவில்லை.

"ஏங்க, அரசாங்க உதவித்தொகை வந்தா ராத்தையலை விட்டுடுவேன். ஃபாரத்தை நானே நிரப்பிக் கொடுத்துட்டேன். நீங்க வந்து கட்டைவிரல் வெச்சாப் போதும்" என்றாள்.

அந்த அலுவலகத்துக்குப் போனோம். கவுண்ட்டரில் கண்ணாடி போட்ட அம்மா, "பதினாலாவது கேள்வியை நேர்லயும் கேக்கணும். இந்த ஊனத்துக்காக வேற எங்கேருந்தாவது பணம் வருதா?" என்றார்.

பக்கத்தில் மனைவி.

"அதெல்லாம்... ஏன் கேக்கறீங்க?"

"வந்தா அதைக் கழிச்சுட்டு மீதியைக் கொடுப்போம். மறைச்சு, பின்னால தெரிஞ்சா, வாங்கினது மொத்தத்தையும் திருப்பிக் கட்டணும்."

இல்லை என்றால் அரசாங்கம் பிடிக்கும். ஆமாம் என்றால் இவள் பிடிப்பாள்.

"தொண்டை வறளுதும்மா, கொஞ்சம் தண்ணி" என்றேன் மனைவியிடம்.

அவள் எழுந்து போனாள். நான் கவுண்ட்டருக்குள் தலையை நுழைத்தேன். "வருது மேடம், எழுதிக்கோங்க. வீட்டுக்காரிக்கு மட்டும் தெரிய வேண்டாம்."

அவர் ஃபாரத்தைத் திருப்பிக் காட்டினார். பதினாலுக்கு நேரே என் மனைவியின் குண்டு குண்டுக் கையெழுத்து: 'ஆம்.' பக்கத்தில் தொகை, சில்லறை முதற்கொண்டு. அச்சகத்தின் சான்றிதழும் பின்னால் இணைக்கப்பட்டிருந்தது.

"போன வாரமே கொடுத்துட்டாங்க சார்."

தண்ணீரோடு வந்தவள் அந்த அம்மாவைப் பார்த்தாள். "சொல்லிட்டாரா?"

"சொல்லிட்டாரும்மா. நீங்க வெளியே போனதும்."

"பரவாயில்லையே! இல்லவே இல்லைன்னு சாதிப்பாருன்னு நெனச்சேன்."

நான் கட்டைவிரலை மையில் தோய்த்து வைத்தேன். உடனே பையிலிருந்து இன்னொரு தாளை நீட்டினாள்.

"இது எதுக்கு?"

"அச்சகத்துக்கு. இனிமே அந்தப் பணமும் என் கணக்குலயே விழட்டும். மை காயறதுக்குள்ள வைங்க."

வைத்தேன்.