டேப் பொய் சொல்லாது

"இது சாப்பாடா, இல்ல ஆட்டுக்கு வெச்ச தீனியா?" என்று தட்டைத் தள்ளினார் டெய்லர்.

தட்டில் மூன்றே சங்கதிகள். வேகவைத்த பீன்ஸ், நறுக்கிய வெள்ளரிக்காய், ஒரு கைப்பிடி சோறு.

"டாக்டர் சொன்னது இதுதான். பொரிச்சது கூடாது, இனிப்பு கூடாது, தட்டுல பாதி காய் இருக்கணும்" என்றாள் மனைவி. "மூணு மாசத்துல உங்க இடுப்பு நாப்பத்திரெண்டுலேருந்து முப்பத்தெட்டுக்கு வரணும். இல்லேன்னா தினமும் ஊசி."

ஊசி என்றதும் டெய்லரின் கை தானாக வெள்ளரிக்காய்ப் பக்கம் போனது. முப்பது வருடமாக ஊசியை நம்பிப் பிழைக்கிறவர்தான். ஆனால் அது துணியில் ஏறுவது வேறு, தோலில் ஏறுவது வேறு.

அதற்காக மானத்தை விட்டுவிட முடியுமா? ஊருக்கெல்லாம் இடுப்பு அளக்கிறவனை ஒரு வெள்ளரிக்காய் அடக்குவதா? கடைக்குப் போகிற வழியில் பேக்கரியில் நின்று, வீம்புக்கென்றே இரண்டு க்ரீம் பன்களைத் தின்றார்.

"ஞாயித்துக்கிழமை தோறும் நான் அளப்பேன். உங்க டேப்லயே!" என்று மனைவி எச்சரித்திருந்தாள்.

"அள. என் டேப் பொய் சொல்லாது" என்று மார்தட்டிய பிறகுதான் அதுதான் ஆபத்து என்று அவருக்கு உறைத்தது.

பொய் சொல்லும் டேப் ஒன்று கடையில் கழித்துப்போட்ட சாமான் பெட்டியில் கிடந்தது. பல வருடம் இழுபட்டு நீண்டுபோனது. நாற்பத்திரண்டு இஞ்ச் இடுப்பை நாற்பது என்று சாதிக்கும். பார்வைக்கு அதுவும் நல்ல டேப்பும் இரட்டைப் பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமை காலை நல்லதை வீட்டு இழுப்பறைக்குள் தள்ளிவிட்டு, நீண்டதை மனைவியிடம் கொடுத்தார்.

"நாப்பது!" என்று துள்ளினாள் அவள். "ஒரே வாரத்துல ரெண்டு இஞ்ச்! பாத்தீங்களா?"

"அப்போ சின்னதா ஒரு கேக்..."

"பலன் தெரியுறப்போ விடுவாங்களா? இனிமே ராத்திரிக்கு வெறும் சூப்தான்."

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்ட டெய்லர், அவள் நீட்டிய டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நேராகப் பேக்கரிக்கு நடந்தார்.

அடுத்த ஞாயிறு, மனைவி இழுப்பறையிலிருந்து டேப்பை எடுத்து அளந்தாள். முகம் மாறியது.

"மறுபடியும் நாப்பத்திரெண்டா? வெளியில தின்னீங்களா?"

"சத்தியமா இல்ல" என்றார் டெய்லர், உதட்டோரத்தில் க்ரீமுடன்.

வீட்டில் விட்டுவந்த பொய் டேப்பே நாற்பத்திரண்டு காட்டினால் நிஜம் நாற்பத்துநாலு! அவருக்கு உண்மையாகவே பயம் வந்தது. ஆனாலும் பணிந்துபோவது அவர் பரம்பரையிலேயே கிடையாது. மறுநாள் மூன்று பன்.

இதற்கிடையில் கடையில் வேறு கூத்து. முதலில் ஆஸ்பத்திரி நர்ஸ் வந்தாள், டாக்டருக்குத் தைத்த வெள்ளைக் கோட்டைத் தூக்கிக்கொண்டு.

"டெய்லர் சார், பொத்தானே போட முடியலையாம்."

டெய்லருக்கு ரத்தம் கொதித்தது. "மேசையில இரும்பு அளவுகோல் வெச்சு வெட்டின துணிம்மா! ஆளை அளந்தது என் டேப். என் டேப் பொய் சொல்லாது. டாக்டரைக் கொஞ்சம் குறைச்சுச் சாப்பிடச் சொல்லு!"

சொன்னதும் மனசு குளிர்ந்துவிட்டது. பின்னாலேயே பேக்கரிக்காரர் வந்தார்.

"அண்ணே, புது பேண்ட்ல உக்காந்தா மூச்சு முட்டுது."

"உங்க பன்னை நீங்களே தின்னா முட்டாம என்ன செய்யும்?"

அப்புறம் வாத்தியார், தபால்காரர், எதிர்வீட்டு மாப்பிள்ளை. ஒரே மாதத்தில் தைத்ததெல்லாம் இறுக்கம் என்று திரும்பி வந்தது. ஒருவருக்கும் டெய்லர் மசியவில்லை. "துணி ஏமாத்தாது, நாக்குதான் ஏமாத்தும்" என்று எல்லோரையும் திருப்பி அனுப்பினார். முப்பது வருடக் கைராசிக்காரர் சொன்னால் தெரு நம்பாதா? நம்பியது. தெரு முழுக்க வெள்ளரிக்காய் நறுக்கும் சத்தம் கேட்டது.

ஒருநாள் பேக்கரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வேகவைத்த பட்டாணியும் பழத்துண்டுகளும் உட்கார்ந்திருந்தன.

"க்ரீம் பன் எங்கய்யா?"

"நிறுத்திட்டேண்ணே. ஒருத்தரும் வாங்குறதில்ல. நானே விட்டுட்டேன். எல்லாம் நீங்க கண்ணைத் தொறந்ததுதான்!"

நுணலும் தன் வாயால் கெடும். நாலு தெரு தள்ளி இன்னொரு பேக்கரி இருந்தது; அங்கேயும் பட்டாணிதான். அந்த முதலாளிக்கும் பேண்ட் தைத்தது இவரேதான். வேறு வழியில்லாமல் டெய்லர் வீட்டுத் தட்டையே காலி செய்ய ஆரம்பித்தார். வீட்டு டேப் நாற்பத்தொன்று என்றது, பிறகு நாற்பது, கடைசியில் முப்பத்தொன்பது. ஒவ்வொரு முறையும் அவர் மனசுக்குள் இரண்டைக் கூட்டிக்கொண்டு ஊசியை நினைத்து நடுங்கினார்.

மூன்று மாதம் முடிந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் தன் டேப்பைச் சுற்றினாள்.

"முப்பத்தொன்பது. ஒரு இஞ்ச் ஜாஸ்தி. கையை நீட்டுங்க."

நாற்பத்தொன்றை எதிர்பார்த்து வந்தவர்தான். ஆனால் ஊசியின் உறை பிரிபடும் சத்தம் கேட்டதும் வீம்பு தலைக்கேறியது.

"ஒரு இஞ்சுக்கு ஊசியா? அளக்குறது உன் தொழில் இல்லம்மா, என் தொழில்! உன் டேப் சுருங்கிப்போச்சு. இந்தா, இதுல அள!" என்று கழுத்திலிருந்ததை உருவிக் கொடுத்தார்.

"ஏங்க, சும்மா இருங்க" என்றாள் மனைவி.

"ஏன் இருக்கணும்? அளந்து சத்தமாச் சொல்லும்மா!"

நர்ஸ் அளந்தாள். "முப்பத்தேழு."

"பாத்தியா! என் டேப் பொய் சொல்லாது!"

"காலையில வீட்டு டேப்லயும் முப்பத்தொன்பதுதானே இருந்துச்சு?" என்றாள் மனைவி.

நர்ஸ் இரண்டு டேப்பையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தாள். அவளுடைய நாற்பத்திரண்டுக்கு நேராக டெய்லரின் நாற்பது நின்றது. அந்த முதல் ஞாயிறு மனைவி நீட்டிய டேப்பை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டது டெய்லருக்கு இப்போதுதான் நினைவுக்கு வந்தது. சட்டைக் கையை அவரே மடித்துவிட்டுக்கொண்டார்.

நர்ஸ் அவரைப் பார்க்கவில்லை. பாதி திறந்திருந்த உள்ளறைக் கதவைப் பார்த்துக் கத்தினாள்.

"டாக்டர்! அந்த வெள்ளரிக்காயைக் கீழ போடுங்க, நீங்க குண்டாகவே இல்ல!"