துரையும் மகாராணியும் ஒரு தாழ்ப்பாளும்

“என் குரங்குக்கு விரல் இருக்கு. உன் கிளிக்கு என்ன இருக்கு?” என்றார் மிருகக்காட்சி சாலையின் குரங்குக் காப்பாளர்.

“மூளை இருக்கு,” என்றாள் அவர் மனைவி. கிளிகளைக் கவனிப்பது அவள் வேலை.

மரம் வைத்த புதுக் கூண்டு ஒன்றுதான் வந்திருக்கிறது. அது துரை என்கிற கபுச்சின் குரங்குக்கா, மகாராணி என்கிற சாம்பல் கிளிக்கா என்று இன்று முடிவாகிவிடும். இரண்டின் முன்னாலும் தாழ்ப்பாள் போட்ட பெட்டி, உள்ளே பாதாம். எது முதலில் திறக்கிறதோ அதற்கே கூண்டு என்று மேலாளர் சொல்லிவிட்டார். பழைய கூண்டில் துரையால் வாலைக்கூட நீட்ட முடியாது. பாவம், பார்க்கவே சகிக்காது. இன்று காப்பாளர் விடுவதாக இல்லை.

மேலாளர் விசில் அடித்தார்.

துரை பெட்டியைப் பார்த்தது. பிறகு காப்பாளரைப் பார்த்துக் கையை நீட்டியது.

“என்னைப் பாக்காதடா, தாழ்ப்பாளைப் பாரு!”

துரை உதட்டைப் பிதுக்கியது. மனுஷனுக்கு மனசு கேட்குமா? “ஒரே ஒரு தடவை காட்டிக் குடுத்துடறேன் சார்,” என்று தாழ்ப்பாளை இழுத்தார். துரை பாதாமை லபக்கென்று வாயில் போட்டுக்கொண்டது.

“இது அநியாயம்!” என்று மனைவியும் தன் பெட்டியைத் திறந்து காட்டினாள். மகாராணி தின்று முடித்து, “இன்னொண்ணு,” என்றது.

அடுத்த பெட்டி வந்தது. காப்பாளர் துரையின் விரலைப் பிடித்துத் தாழ்ப்பாளில் வைத்தார். துரை விரலை உருவிக்கொண்டு, அவர் விரலை எடுத்துத் தாழ்ப்பாளில் வைத்தது.

“பாத்தீங்களா சார்! எங்கே கை வைக்கணும்னு தெரிஞ்சுபோச்சு!” என்று பூரித்தபடி அவரே திறந்தார்.

“ஏங்க, தோத்துட்டோம்னு ஒத்துக்குங்களேன்,” என்றாள் மனைவி, கிளிக்கு இன்னொரு பெட்டியைத் திறந்தபடி.

“உயிரே போனாலும் முடியாது!”

“இன்னொண்ணு,” என்றது மகாராணி.

கடைசியில் பாதாம் தீர்ந்தது. கணவன் மனைவி இருவருக்கும் நகம் பிய்ந்திருந்தது. துரை வயிற்றைத் தடவிக்கொண்டு சாய்ந்தது.

மேலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். “ரெண்டும் ஒரு பெட்டியைக்கூடத் திறக்கலையே! புதுக் கூண்டை யாருக்குத்தான் குடுக்கிறது?”

அதுவரை மூலையில் உட்கார்ந்து ஆப்பிள் கடித்துக்கொண்டிருந்த மிருக டாக்டரம்மா எழுந்து வந்தார்.

“இந்தப் புருஷன் பொண்டாட்டிக்கே குடுத்துடுங்க சார். துரையும் மகாராணியும் இவங்களை ரொம்ப நல்லாப் பழக்கி வச்சிருக்கு.”