போணிக்காகக் காத்திருந்த பதநீர்

தொழில் தொடங்குவது எப்படி என்று வகுப்பெடுக்கிறவர்களில் பெரும்பாலோர் மாதச் சம்பளக்காரர்கள். நானும் அந்த ஜாதிதான். தொண்ணூறுகளில் பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் 'தொழில் முனைவு' என்று புதிதாக ஒரு பாடம் வந்தது. அதற்கு ஒருங்கிணைப்பாளராக என்னைப் போட்டபோது, அதுவரை ஒரு ஊக்கைக்கூட யாருக்கும் நான் விற்றதில்லை. பேரம் பேசி வாங்கவும் தெரியாது. (ரதவீதியில் நான் வாங்கி வந்த சேலைகளைப் பற்றி அம்மா கடைசிவரை பேசிக்கொண்டிருந்தாள்.) ஆனால் சந்தை, வாடிக்கையாளர், இலாபம் என்று கரும்பலகையில் கட்டம் கட்டி, அம்புக்குறி போட்டு விளாசிவிடுவேன்.

வேலை தற்காலிகம். பாடமும் தற்காலிகம். ஆண்டுக் கடைசியில் கல்லூரி முதல்வர் கூப்பிட்டார்.

"ஏம்மா கோமதி, பிள்ளைகள் ஒருநாள் கடை போட்டு நடத்திக் காட்டட்டும். நல்லா நடந்தா அடுத்த வருஷமும் இந்தப் பாடம் உண்டு. இல்லைன்னா எடுத்துருவோம்."

பாடத்தை எடுத்தால் என்னையும் எடுத்துவிடுவார்கள் என்று அவர் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியதில்லை. அப்பா ஓய்வு பெற்றுவிட்டார், தம்பி படித்துக்கொண்டிருந்தான். வீட்டு அடுப்பு என் வேலையை நம்பித்தான் எரிந்தது.

என்ன விற்பது என்று வகுப்பில் கேட்டேன். மெழுகுவர்த்தி, பினாயில், ஊறுகாய் என்று வழக்கமானவை எல்லாம் வந்தன. கடைசி பெஞ்சிலிருந்து ஜெயசீலன் எழுந்தான். ஸ்ரீவைகுண்டம் பக்கத்துப் பையன்.

"மிஸ், பங்குனி வெயிலு மண்டையப் பொளக்குது. பதநீர் விப்போம். எங்க சித்தப்பா பனைவிளையிலருந்து காலைல முத பஸ்ஸுல நான் கொண்டாருதேன்."

வகுப்பே கைதட்டியது. உள்ளூர் வளம், பருவத் தேவை, குறைந்த முதலீடு! எனக்கு அப்படியே மெய்சிலிர்த்துவிட்டது.

சொன்னபடி அன்று காலை கேன்களோடு வந்து இறங்கினான். ஊற்றிப் பார்த்தால் அடியில் வெள்ளையாக ஏதோ தங்கியிருந்தது. சுண்ணாம்பு என்றான் ஒரு பையன். எனக்குச் சுகாதாரம் பொங்கிவிட்டது. ஜெயசீலன் குடிக்க ஓலைப்பட்டை மடிக்கப் போயிருந்த நேரத்தில், மாணவிகளை உட்காரவைத்து, வேட்டித் துணியில் திரும்பத் திரும்ப வடிகட்டி, துளி சுண்ணாம்பு இல்லாமல் புதுப் பானைகளில் நிரப்பினேன். அந்தச் சுண்ணாம்புதான் பதநீரைப் பதநீராக வைத்திருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. வீட்டு வாசலில் வந்ததை வாங்கிக் குடித்ததோடு சரி. வேப்பமரத்தடியில் வைத்தால் யார் கண்ணிலும் படாது என்று, கல்லூரி வாசலுக்கு நேரே நல்ல வெயிலில் பானைகளை அடுக்கினேன். (காட்சிப்படுத்துதல். மூன்றாம் அலகு.)

கூட்டம் உடனே வந்துவிட்டது. கையில் சில்லறையோடு வேதியியல் துறை முழுவதும் வந்து நின்றது. அப்போதுதான் எனக்கு அந்தப் புத்தி வந்தது. நவீன வணிகத்தை வருடம் முழுக்கப் போதித்த எனக்கு, முதல் வியாபாரம் என்றதும் போணி ஞாபகம் வந்துவிட்டது. கைராசிக்காரர் கையால் போணி ஆகவேண்டாமா? முதல்வர் திறந்துவைத்த கேண்டீனில் இன்றுவரை உட்கார இடம் கிடைப்பதில்லை. அவர்தான் செய்யவேண்டும். அதுவரை யாருக்கும் ஒரு சொட்டுக்கூடக் கிடையாது என்று அறிவித்துவிட்டேன்.

ஜெயசீலனை அனுப்பினேன். ஓடிப்போய் வந்தான்.

"நிர்வாகக் கூட்டத்துல இருக்காராம் மிஸ். பைய வருதேன்னு சொல்லுதாரு. அதுவரைக்கும் நாம கொஞ்சம் வித்துக்கிட்டு இருப்பமே?"

"போணி ஆகாம எப்படிலே விக்கது? நீ அங்கனயே வாசல்ல நில்லு. சார் வெளிய வந்ததும் கையோட கூட்டிட்டு வா."

இப்படியாக, பதநீரைப் பற்றி ஏதாவது தெரிந்த ஒரே ஆளையும் மாடிக்கு அனுப்பிவைத்தேன்.

வெயில் ஏறியது. வந்த கூட்டம் திட்டிக்கொண்டே எதிர்க் கடையில் கலர் சோடா வாங்கிக் குடிக்கப் போனது. பதநீரில் போட நுங்கு சீவிக்கொண்டிருந்த மாணவி பானையை எட்டிப் பார்த்தாள்.

"மிஸ், நுரைக்குது மிஸ்."

"புதுசும்மா. அதான் நுரைக்குது."

கல்லூரிக் கடைநிலை ஊழியர் சுடலை அந்தப் பக்கமாக நடந்தார். திரும்பவும் நடந்தார். பிறகு பானை அருகிலேயே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "நல்ல வாசனையா இருக்கும்மா" என்றார். அந்த முகத்தில் அப்படி ஒரு பக்தியை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

உச்சிப்பொழுது தாண்டித்தான் முதல்வர் வந்தார். நெற்றி நிறையத் திருநீறு, வெள்ளை வேட்டி. பின்னால் வந்த ஜெயசீலன் பானையைத் தாண்டும்போது மூக்கை உறிஞ்சினான். முகம் வெளிறிவிட்டது. எனக்குக் கையைக் காட்டினான், தலையை ஆட்டினான், கழுத்தை அறுப்பதுபோல் சைகை செய்தான்.

"பொறுலே, சார் மொதல்ல குடிக்கட்டும். தாகம் உனக்கு மட்டுமா?" என்றேன்.

முதல்வர் பனையோலைப் பட்டையை இரண்டு கையாலும் பிடித்து, ஒரே மூச்சில் குடித்தார். கொஞ்சம் யோசித்தார்.

"நம்ம பக்கத்துப் பதநீருன்னா பதநீருதான். சுருக்குன்னு இருக்கு. இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா."

ஊற்றினேன். மறுபடியும் கேட்டார், மறுபடியும் ஊற்றினேன். என் அடுத்த வருஷ வேலையே பானையிலிருந்து பட்டைக்கு இறங்குவதாக எனக்குத் தெரிந்தது.

இரண்டு வார்த்தை பேசுவார் என்று மைக்கைக் கொடுத்தோம். சுற்றறிக்கை வாசிப்பதுபோலத்தான் எப்போதும் பேசுவார். அன்று மைக்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளைகளா, நான் ஒங்க வயசுல பேட்டையில சைக்கிள் கடை போடணும்னு ஆசப்பட்டேன். எங்கய்யா விடல. வாத்தியாராப் போன்னுட்டாரு. இப்பவும் ரோட்டுல மணிச் சத்தம் கேட்டா நின்னு பாக்கேன்." குரல் உடைந்துவிட்டது. "ஒங்களுக்கு அப்படி ஆகப்படாது. இந்தக் காலேஜ் இருக்க வரைக்கும் இந்தப் பாடம் உண்டு. இந்தப் பிள்ளை கோமதியும் உண்டு!"

கைதட்டலில் கல்லூரி வாசலே அதிர்ந்தது. நான் அழுதுவிட்டேன். முதல்வர் மைக்கைக் கொடுத்துவிட்டு, நேராக சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் போய், ஒவ்வொரு சைக்கிளாக மணியடித்துக்கொண்டே நடந்தார். கடைசி சைக்கிளின் ஸ்டாண்டைத் தட்டிவிட்டு ஏறப்போனபோதுதான் சுடலை ஓடிப்போய்த் தாங்கி, அறைக்கு அழைத்துப்போனார்.

ஜெயசீலன் என் காதருகே வந்தான்.

"மிஸ், கள்ளாயிட்டு மிஸ்."

"எதுலே?"

"எல்லாமே."

கள் விற்கத் தடை இருந்த காலம். மதுவிலக்கு போலீஸ், விலங்கு, நாளைக்குச் செய்தித்தாளில் என் படம் என்று வரிசையாக வந்துபோனது. பானைகளைத் தூக்கிக்கொண்டு அரளிச்செடிப் பக்கம் ஓடினோம். "கொட்டிராதீகம்மா, பாவம்மா" என்று சுடலை கெஞ்சியது இன்னும் காதில் இருக்கிறது.

மறுநாள் காலை முதல்வர் கூப்பிட்டனுப்பினார். வேலை போயிற்று என்று முடிவுகட்டி, என் குடையையும் சாப்பாட்டு டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டேதான் போனேன்.

நிமிராமலே பேசினார். "நேத்து சைக்கிள் ஸ்டாண்டுல நான் என்ன செஞ்சேன்னு யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம்."

"சரி சார்."

"பாடம் உண்டுன்னு மைக்குல சொல்லிட்டனாம்லா. சொன்னது சொன்னதுதான். அடுத்த வருஷம் என்ன விக்கப் போறீங்க?"

"எலுமிச்சம்பழ சர்பத் சார்."

"நல்லது. நிர்வாகக் கூட்டத்தை நான் வேற நாளைக்கு மாத்திக்கிடுதேன். போணிக்கு விடியக் காலையிலயே வந்துருதேன்."

அவர் முகத்தில் கோபமே இல்லை, வெட்கம்தான் இருந்தது. என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை, கைவிடவும் இல்லை. அந்த மனுஷனை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நெகிழ்ந்துபோகும்.

அந்த வேலையிலேயே எனக்குத் தலை நரைத்தது. வெங்காயம் பூண்டுகூட யோசித்துச் சேர்க்கிற எங்கள் சைவக் குடும்பத்தில், வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் தம்பி என்னை இப்படித்தான் அறிமுகப்படுத்துகிறான்: "எல்லாரும் துட்டு குடுத்து வேலை வாங்குவாக. எங்கக்கா கள்ளு ஊத்தி வாங்குனவ." போன மாதம் என் மகள் நிச்சயதார்த்தத்திலும் சொல்லிவைத்தான். சம்பந்தியம்மாள் சிரித்தார். பிறகு கையிலிருந்த பழச்சாற்றை ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தார்.