கொசு இல்லாத குற்றம்

எங்கள் பூச்சியியல் ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு விஞ்ஞானி வேலை செய்துவிட்டார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

ஊரே அந்த அம்மாவைக் கொசு டீச்சர் என்றுதான் கூப்பிடும். பன்னிரண்டு வருஷம் கொசுவின் முட்டையைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, எங்கள் ஊர்க் கொசு தேங்கிய தண்ணீரில் இடும் முட்டை புழுவாகி, கொசுவாகிப் பறக்க எட்டு நாள் ஆகிறது என்று கண்டுபிடித்தார். ஏழாம் நாள் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டால் தீர்ந்தது கதை. கண்டுபிடித்ததோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். சைக்கிளை மிதித்துப் பதினோரு பள்ளிக்கூடங்களுக்கும் போய்ச் சொல்லிக் கொடுத்தார். வெள்ளிக்கிழமைதோறும் பிள்ளைகள் வீட்டுக்கு வீடு வாளி, டயர், பூந்தொட்டித் தட்டு ஒன்றையும் விடாமல் கவிழ்த்தார்கள். இரண்டே வருஷத்தில் ஊரில் மருந்துக்குக்கூடக் கொசு இல்லை.

நான் அந்த நிலையத்தில் எழுத்தர். கோப்பை ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்கு அனுப்பும் மகத்தான பொறுப்பு என்னுடையது.

இந்த நிலையில் தலைமை அலுவலகம் 'தாக்க மதிப்பீட்டுப் பிரிவு' ஒன்றைத் தொடங்கியது. விஞ்ஞானி என்ன கண்டுபிடித்தார் என்று கேட்பதெல்லாம் பழைய பஞ்சாங்கம். எவ்வளவு தாக்கம் ஏற்படுத்தினார் என்று கேட்பதுதான் இப்போது நாகரிகம். நாற்பது மதிப்பெண்ணுக்குக் கீழே போனால் ஆராய்ச்சியும் பள்ளிப் பாடமும் இழுத்து மூடப்படும். கையில் டேப்லெட் கணினியோடு மதிப்பீட்டு அலுவலர் வந்து இறங்கினார்.

"கொசு எங்கம்மா?"

"இல்ல சார். ஒழிஞ்சுடுச்சு."

"ஒழிஞ்சுடுச்சுன்னா? எண்ணிக்கை வேணுமே."

"பூஜ்யம்னு போட்டுக்கோங்க."

போட்டார். டேப்லெட் திரை சிவந்தது.

"பூஜ்யம் போட்டா உங்க தாக்கமும் பூஜ்யம்னு காட்டுது. மெஷின் சொல்றதை நான் மாத்த முடியாது."

"முன்னாடி நிறைய இருந்துச்சு சார். நான் எண்ணி வெச்சிருக்கேன்."

"நீங்க எண்ணினது செல்லாது. எங்க பிரிவு எண்ணணும். பிரிவே போன மாசம்தான் ஆரம்பிச்சோம். ஒண்ணு பண்ணுங்க. கொஞ்ச நாளைக்குப் பழைய நிலைமையைக் கொண்டு வாங்க. நாங்க எண்ணிக்கிறோம். அப்புறம் ஒழிச்சுக் காட்டுங்க."

கொசு டீச்சர் சிரித்தார். அலுவலர் வேடிக்கையாகப் பேசுகிறார் என்று நினைத்துவிட்டார், பாவம்.

மறுநாளே சுற்றறிக்கை போனது. 'அடிப்படை அளவீடு நிறைவடையும் வரை, நீரைக் கவிழ்க்கும் செயலை மாணவ மாணவியர் அனைவரும் நிறுத்தி வைக்குமாறு இதனால் அறிவுறுத்தப்படுகிறார்கள்.' தட்டச்சு செய்தது நான்தான். ஒரு பிழை இல்லை என்று அலுவலர் பாராட்டினார். ஊரிலிருந்த பாத்திரங்களுக்கெல்லாம் நம்பர் சீட்டு ஒட்டினோம்.

"சார், கொசு வந்தா பின்னாடியே காய்ச்சலும் வரும்" என்றார் டீச்சர்.

"வரட்டும்மா. அதுக்குத் தனிக் கட்டம் இருக்கு."

எங்கள் அலுவலகத்தில் யாரும் காட்டாத ஒழுங்கைக் கொசு காட்டியது. சரியாக எட்டாம் நாள் வந்து சேர்ந்தது. அலுவலர் தன் கையிலேயே அடித்து அடித்து எண்ணினார். திரை மஞ்சளாகி, பிறகு பச்சையானது. எந்த எண் ஏறினாலும் அந்த மெஷினுக்குச் சந்தோஷம்தான். முப்பத்தெட்டு, ஐம்பத்திரண்டு, எழுபது.

"எண்ணி முடிச்சாச்சே சார், இப்ப கவுத்துடலாமா?"

"என்னம்மா நீங்க, மதிப்பெண் ஏறிட்டிருக்கு. இப்ப போய்க் கவுத்தா இறங்கிடுமே."

தொண்ணூற்றொன்றில் தலைமை அலுவலகத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. பூச்சித் துறையிலும் கல்வித் துறையிலும் இத்தனை தாக்கத்தை யாரும் கண்டதில்லையாம். விழிப்புணர்வு நடைக்கும் ஏற்பாடாயிற்று. எல்லோருக்கும் 'கொசுவை ஒழிப்போம்' என்று எழுதிய வெள்ளை டீ-ஷர்ட் கொடுத்தார்கள். தெருவெங்கும் தேங்கிய தண்ணீரில் சட்டை அழுக்காகிவிடாமல் பார்த்துப் பார்த்துத் தாண்டி நடந்தோம். கூட்டத்தில் ஓர் ஆள் மட்டும் குனிந்து ஒரு டயரைக் கவிழ்த்தது. யாரென்று சொல்லவும் வேண்டுமா?

'அளவீட்டுக் களத்தைச் சேதப்படுத்தியதற்கு' விளக்கம் கேட்டுக் கடிதம் போனது. அதையும் நான்தான் அடித்தேன். தொண்ணூற்றொரு மதிப்பெண் வாங்கியதால் கொசு டீச்சரின் பதவியை நிரந்தரமாக்கினார்கள். டீச்சரை மட்டும் அதிலிருந்து நீக்கினார்கள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவர் வெளியே போனபோது எனக்கு வெட்கமாக இருந்தது. இருந்தும் எழுந்து நிற்கவில்லை. மேஜையில் கோப்பு இருந்தது.

வீட்டுக்கு வந்தால் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மகளுக்கு மூன்றாம் நாளாகக் காய்ச்சல். ஜன்னல் வழியே கொல்லைப்புற வாளியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"அப்பா, இன்னிக்கு வெள்ளிக்கிழமை. எனக்கு எந்திரிக்க முடியல. நீங்க போய் அந்த வாளியைக் கவுத்துடறீங்களா?"

"அவ சொல்றதும் சரிதானே, போங்களேன்" என்றாள் மனைவி, ஈரத்துணியைப் பிழிந்தபடி.

வாளி வரைக்கும் போனேன். நானூற்றுப் பன்னிரண்டாம் நம்பர். சீட்டு நனையாமலிருக்க அதற்கு நானே பிளாஸ்டிக் உறை போட்டிருந்தேன். தண்ணீரில் குட்டிப் புழுக்கள் துள்ளிக்கொண்டிருந்தன.

திரும்பி வந்து மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். "சுற்றறிக்கை இன்னும் ரத்தாகலம்மா" என்றேன். "ரத்தானதும் முதல் ஆளா அப்பா கவுத்துடறேன்."