பெண் பார்க்கப் போன அயோடின்

ரஷ்யாக்காரர் ஒருவர் தனிமங்களை அட்டவணையில் உட்கார வைத்தார் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள். அது பாதி வேலைதான். அவற்றை இலையில் உட்கார வைக்கும் மீதி வேலையை, 1995-இல், காரைக்குடி செக்காலை ரோட்டில் முடித்துவைத்தவர் எங்கள் ஃபெலிக்ஸ் சார். உலகம் இதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. உலகத்துக்கு மக்னீசியம் போதவில்லை.

ஃபெலிக்ஸ் சார் எங்கள் அலுவலகத்தின் சூப்பிரண்டு. உணவுச் சத்துகளைப் பற்றி ஒரு புத்தகம் படித்தார். அன்றிலிருந்து எந்த உணவையும் அதன் பெயரால் அழைப்பதை நிறுத்திவிட்டார். முருங்கைக்கீரை அவருக்கு ‘இரும்பு’. வாழைப்பழம் ‘பொட்டாசியம்’. “ஜெசி, இன்னும் ஒரு கரண்டி கால்சியம் போடு” என்றால் அவர் மனைவி கேழ்வரகுக் கூழ் ஊற்றுவார். ஒருநாள் ஆபீசில் டிபன் பாக்ஸைத் திறந்து, “பூசணி விதையில துத்தநாகம் இருக்கு!” என்று அவர் முழங்க, பெருக்கிக்கொண்டிருந்த கருப்பம்மாள் “நாகமா?” என்று விளக்குமாற்றோடு பெஞ்சில் ஏறிவிட்டார். தனிமம் பேசிப் பேசியே மதியச் சாப்பாட்டு நேரத்தில் சார் தனிமையானார்.

பெரிய மனிதர்கள் தனிமையில்தான் சங்கம் தொடங்குவார்கள். ‘தனிம உணவு விழிப்புணர்வுக் கழகம்’ உதயமாயிற்று. அன்று லீவு போடாமல் வந்த ஒரே காரணத்தால் நான் செயலாளர் ஆனேன். கூட்டங்களில் தேநீருக்குத் தடை. அது உடம்பில் இரும்பைச் சேரவிடாதாம். மோர் மட்டுமே வழங்கப்படும். கூட்டம் முடிந்ததும் உறுப்பினர்கள் எல்லாரும் எதிர்த்த டீக்கடைக்குப் போய், எதிரியை நெருங்கி நின்று ஆராய்வோம்.

இந்த நிலையில் சாரின் மகன் அந்தோணி பிரபுவுக்குப் பெண் பார்க்கும் வைபவம் வந்தது. பெண் மரிய அனிதா. தேவகோட்டை ரஸ்தா பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அப்பா செபஸ்தியான், ஓய்வு பெற்ற வாத்தியார். சார், ஜெசியம்மாள், பிரபு, கழகத்தின் சார்பில் நான் என்று நால்வரும் டவுன் பஸ்ஸில் போய் இறங்கினோம்.

“வாங்க, வாங்க. காபி சாப்புடுறீகளா?” என்றார் பெண்ணின் அம்மா இன்பமேரி.

“காபி இருக்கட்டும். முதல்ல கொஞ்சம் உப்பு கொண்டாங்க” என்றார் சார்.

இன்பமேரியம்மாள் திருஷ்டி கழிக்கத்தான் கேட்கிறார் என்று நினைத்து, இரண்டு வற்றல் மிளகாயையும் சேர்த்துக் கொண்டுவந்தார். சார் மிளகாயை மரியாதையோடு ஒதுக்கிவிட்டுப் பையிலிருந்து உப்புச் சோதனைக் குப்பி ஒன்றை எடுத்து உப்பின் மேல் ஒரு சொட்டு விட்டார். உப்பு நீலமானது.

“அயோடின்!” என்று எழுந்து நின்றார். நாங்களும் நின்றோம். என்ன ஏதென்று தெரியாமல் செபஸ்தியானும் நின்றார்.

அனிதா கேசரித் தட்டோடு வந்து எல்லாருக்கும் கொடுத்தாள். சார் கனிவாக, “பல்லைக் கொஞ்சம் காட்டும்மா” என்றார். இதைத் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது. மாட்டுச் சந்தையில் பல்லைப் பார்ப்பது வயதுக்காக. இது கால்சியத்துக்காக. அனிதா அப்பாவைப் பார்த்தாள். அப்பா தரையைப் பார்த்தார். அவள் பல்லைக் காட்டினாள். அதைச் சிரிப்பு என்று சொல்ல முடியாது. அடுத்து, கண்ணின் கீழிமையை அவளே இழுத்துக் காட்ட வேண்டியிருந்தது. உள்ளே நல்ல சிவப்பு. இரும்பு திருப்திகரம்.

“எல்லாம் சரியா இருக்கு செபஸ்தியான். ஒரே ஒரு தனிமந்தான் பாக்கி” என்றார் சார்.

“என்ன சார், பாஸ்பரஸா? வேணும்னா நாளைக்கே நெத்திலி வாங்கி…”

“தங்கம். அதோட அணு எண் எழுபத்தொம்பது. நமக்கு அவ்வளவு வேணாம். அம்பது பவுன் போதும்.”

ஒரே மூச்சில் இருபத்தொன்பது பவுனைத் தள்ளுபடி செய்த வள்ளலை நான் அன்றுதான் நேரில் கண்டேன்.

செபஸ்தியான் துண்டால் முகத்தைத் துடைத்தார். “ஒரு தென்னந்தோப்பு இருக்கு சார். அதைக் குடுத்துட்டா…”

“அதுலதான நம்ம கஞ்சி குடிக்கிறோம்” என்றார் இன்பமேரியம்மாள் மெதுவாக.

“மகளுக்குன்னா குடுத்துத்தான ஆகணும்” என்றார் அவர். குரல் உள்ளே போய்விட்டது.

அனிதா தட்டைக் கீழே வைத்தாள். “சார், ஒரு சந்தேகம். இரும்பு ரத்தத்துக்கு, கால்சியம் எலும்புக்கு, அயோடின் தைராய்டுக்கு. தங்கத்துக்கு மனுச உடம்புல என்ன வேலை?”

வேறு யாராவது என்றால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பார்கள். சார் தனிமங்கள் விஷயத்தில் பொய் சொல்லாதவர். வியர்த்தது. “ஒரு வேலையும் கிடையாதும்மா” என்றார்.

“அப்ப பற்றாக்குறை யாருக்கு? எனக்கா, உங்க மகனுக்கா?”

அவள் பிரபுவின் பக்கம் திரும்பினாள். “நீங்க என்ன சொல்றீக?”

பிரபு கேசரியிலிருந்து தலையைத் தூக்கினார். “அப்பா சொல்றதுதான்.”

“எம் பல்லைப் பாத்தீகளே சார், இவுக முதுகெலும்புல கால்சியம் இருக்கான்னு பாத்தீகளா?” என்று கேட்டாள் அனிதா. அப்புறம் அப்பாவின் தோளைத் தொட்டு, “தோப்பு நம்மகிட்டயே இருக்கட்டும்ப்பா” என்றாள். செபஸ்தியான் முதல் தடவையாகத் தரையிலிருந்து நிமிர்ந்தார். “கேசரியைச் சாப்புட்டுட்டுப் போங்க சார்” என்றார். குரல் வெளியே வந்திருந்தது.

பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜெசியம்மாள் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு தோள் குலுங்க வந்தார். அழுகிறார் என்று நினைத்தோம். கழனிவாசல் தாண்டும்போதுதான் அது சிரிப்பு என்று தெரிந்தது.

சார் கலங்கிப்போனார். கழகத்தின் அவசரக் கூட்டம் கூடியது. பொருள்: ‘தங்கத்திற்கு மனித உடலில் உள்ள பணி, அல்லது அது இல்லாமை.’ மோர் வந்தது. கடைசி வரிசையில், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சத்தியமூர்த்தி எழுந்தார். அதுவரை எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்காதவர்.

“வேலை இருக்கு சார். நான் மூணு பொண்ணைக் கட்டிக் குடுத்தவன். மூத்தவளுக்குப் போட்டப்ப ரத்தம் சுண்டிருச்சு. ரெண்டாவதுக்கு எலும்பு தேஞ்சிருச்சு. மூணாவதுக்குப் போட்டப்ப, உடம்புல மிச்சமிருந்த உப்பும் கண்ணு வழியாப் போயிருச்சு. பொண்ணைப் பெத்தவன் உடம்புல இருக்க எல்லாத் தனிமத்தையும் வெளிய எடுக்கும் சார், தங்கம்.”

மோர் டம்ளர்கள் கீழே இறங்கின. ஃபெலிக்ஸ் சாரின் முகம் மட்டும் சூரியனாக மலர்ந்தது.

“பாத்தீகளா! வேலை இருக்கு! அந்தப் பொண்ணு கேட்டப்ப இது தெரியாமப் போச்சே. எழுதிக்கங்க செயலாளரே!”

எழுதினேன். தங்கத்தை ‘அத்தியாவசியத் தனிமம்’ என்று அறிவிக்கும் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. எல்லாரும் கைதட்டினோம். சத்தியமூர்த்தி மட்டும் தட்டவில்லை. கையைத் தூக்க அவர் உடம்பில் சத்து மிச்சமில்லை என்று எடுத்துக்கொண்டோம்.